பாப்பாவின் படத்துக்கு நான் எடுத்த ரீடிங்

அந்த ஆள் அழைப்பு மணியை அழுத்துவதற்கு முன்பே மூன்று போட்டோ எடுத்துவிட்டார். ஒன்று எங்கள் கதவு. இன்னொன்று கதவுக் கைப்பிடியில் உரிந்து தொங்கிய பெயிண்ட். மூன்றாவது, சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த நான்.

"சார், உங்க மூஞ்சியில ஒரு ஒரிஜினாலிட்டி இருக்கு சார்" என்றார்.

அறுபத்தாறு வருஷமாக இந்த மூஞ்சியோடு குடித்தனம் நடத்துகிறேன். சவரக் கண்ணாடிகூட என்னிடம் இப்படி ஆசையாக ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. அந்த நிமிஷமே திகட்டவும் செய்தது. இரண்டும் எப்படிச் சேர்ந்து வரும் என்றால், ஆறு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயை ஒரே மூச்சில் குடித்துப் பாருங்கள், தெரியும்.

அவர் வந்தது என்னைப் பார்க்க இல்லை, என் தங்கையைப் பார்க்க. தங்கைக்கு ஐம்பத்தெட்டு வயது. ஆனாலும் வீட்டில் அவள் பெயர் பாப்பா. முப்பத்தொரு வருஷமாக எண்ணெய் வண்ணத்தில் படம் வரைகிறாள். வரைவதெல்லாம் ஒரே விஷயம்: ஆள் எழுந்து போன அறை. மெத்தை நாற்காலியில் குழி மட்டும் மிச்சமிருக்கும் டாக்டர் வீட்டு வெளியறை, மத்தியானம் இரண்டரை மணிக்கு ஆபீஸ் கேண்டீன், பாதி இழுத்துவிட்ட போர்வையோடு ஒரு கட்டில். ஆள் இருக்காது. ஆனால் ஆள் விட்டுப்போன சூடு இருக்கும். படத்தைத் தொட்டால் கை சுட்டுவிடும் என்று நான் பயந்து தள்ளி நின்றிருக்கிறேன். சரி, அவ்வளவு இல்லை. வெதுவெதுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை வருஷமும் அவளுக்கு வியாபாரம் என்றால் ஒரு ஃப்ரேம் கடைதான். கடைக்காரர் தன் ஷோகேஸில் அவள் படம் இரண்டு மூன்றை மாட்டி வைப்பார். சர்டிபிகேட்டுக்குச் சட்டம் போட வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள், வாங்குவார்கள். ஒரு வார்த்தை தன்னைப் பற்றிப் பேச வேண்டிய அவசியம் பாப்பாவுக்கு வந்ததே இல்லை. போன வருஷம் அவர் கடையை மூடிவிட்டு மகளோடு இருக்கப் போய்விட்டார். அதன் பிறகுதான் பாப்பா படங்களைத் துணியில் சுற்றிக்கொண்டு கண்காட்சி ஹாலுக்குப் போனாள். நானும் தூக்குக்கூலியாகக் கூடவே போனேன்.

ஹால்காரம்மா குசுகுசுவென்றுதான் பேசுவாள், சுவரில் இருக்கும் படங்களெல்லாம் தூங்குகிற மாதிரி. பாப்பாவின் கேண்டீன் படத்தைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அம்மா... என்னம்மா இது... உள்ள இறங்குதேம்மா" என்றாள். பாப்பாவின் காது சிவந்தது. அடுத்த மூச்சிலேயே ஹால்காரம்மா கேட்டாள்: "எத்தனை ஃபாலோயர்ஸ்?"

"நூத்திப் பன்னெண்டு" என்றாள் பாப்பா.

அதில் மூன்று பேர் நான்தான், மூன்று பெயரில்.

"ஐயாயிரம் ஆகட்டும்மா. நவம்பர்ல பதினோரு நாள் உங்களுக்குத் தனி ஷோ தரேன். ஒருத்தரை அனுப்பறேன், அவர் பாத்துப்பார்."

அந்த ஒருத்தர்தான் கதவைப் போட்டோ எடுத்தவர். மூன்று வார்த்தைக்கு ஒரு தரம் 'ரீச்' என்பார், எத்தனை பேர் கண்ணில் படுகிறது என்பதற்கு அப்படிப் பேராம். பேரை அவர் சொன்னார், நான் மறந்துவிட்டேன். ரீச் என்றே வைத்துக்கொண்டோம்.

தனி ஷோ என்பது பாப்பாவுக்கு ஆடம்பரம் இல்லை. முப்பத்தொரு வருஷத்தில் அவளுடைய இருபது படம் ஒரே அறையில் ஒன்றாக இருந்ததில்லை. ஒன்று விற்றால்தான் இன்னொன்றுக்குக் கான்வாஸ் துணி வாங்குவாள்; விற்காதவை பரணிலும் கட்டிலடியிலுமாகச் சிதறிக் கிடக்கும். ஒரே ஒரு தரம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, நடுவில் நின்று பார்க்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. "நான் இத்தனை நாளா என்னதான் பண்ணிட்டிருந்தேன்னு எனக்கே தெரியணும்ல?" என்பாள்.

ரீச் சோபாவில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்.

"மேடம், உங்க ஸ்டோரி என்ன?"

"என்ன ஸ்டோரி?"

"வலி, மேடம். படத்தை யாரும் வாங்கறதில்ல. வலியைத்தான் வாங்கறாங்க. எங்கயாவது விழுந்து, அப்புறம் எழுந்து..."

"போன மாசம் பாத்ரூம்ல விழுந்தேன்."

"அது இல்ல மேடம். வீட்டுக்காரர் ஏதாவது கொடுமை...?" அவர் குரலில் ஒரு ஆசை தெரிந்தது.

"பாவம், அவர் சூப் குடிச்சா தெருவுக்கே கேக்கும். அதைத் தவிர ஒண்ணும் இல்ல."

"இப்போ எங்க இருக்கார்?"

"செத்துட்டார்."

ரீச் முகம் மலர்ந்ததே, ஐயோ, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தவன் முகம். "எதுல மேடம்?"

"ஹார்ட்."

"ஹார்ட்!" நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டு நட்சத்திரமும் வைத்தார். "ஹார்ட்ல இருந்து ஆர்ட். மேடம், டைட்டில் கிடைச்சிடுச்சு."

பாப்பா எழுந்து சமையலறைக்குப் போனாள், நானும் பின்னாலேயே போனேன். குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். சோப்பு போட்டு இரண்டாம் தரமும் கழுவினாள். "அண்ணா, அந்தாளு உட்கார்ந்த இடத்தை அப்புறமா துடைச்சிடு" என்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நவம்பர் வரைக்கும்தானே" என்று தனக்கே சொல்லிக்கொண்டு மறுபடி ரீச் எதிரே போய் உட்கார்ந்தாள். கசப்பு மருந்தை விழுங்குகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள் இல்லையா, அந்த மாதிரி அதற்குப் பிறகு அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் பாப்பா வரைவதை ரீச் வீடியோ பிடித்தார். முகத்துக்கு நேரே வளையம் மாதிரி ஒரு விளக்கு. அதற்கு எதிரே அவள் தூரிகையைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிஷம் யோசித்தாள். பிறகு ஒரு புள்ளி வைத்தாள். பிறகு அதைத் துணியால் துடைத்தாள். ரீச் அதை அறுபது மடங்கு வேகமாக ஓட்டிப் பார்த்தார். அப்போதும் அவள் அசையவில்லை. சுவர்க்கடிகாரத்தின் முள்தான் பேய் பிடித்தது மாதிரி சுற்றியது.

அந்த நேரத்தில்தான் நான் டீயோடு உள்ளே நுழைந்தேன். என் பாழாய்ப்போன வாழ்க்கையின் பொற்காலமும் கூடவே நுழைந்தது.

நான் மின்சார மீட்டர் ரீடராக முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்தவன். நான் நுழையாத வீடு இந்த ஊரில் கிடையாது, என் நிழல் விழாத மாடிப்படி கிடையாது. எங்கள் வேலையில் இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, மீட்டரை மட்டும்தான் பார்க்க வேண்டும். சண்டை நடக்கும், அழுகை நடக்கும், துணி மாற்றிக்கொண்டிருப்பார்கள், நம் கண் மீட்டரில்தான். இன்னொன்று, வீடு பூட்டியிருந்தாலோ உள்ளே விட மாட்டேன் என்றாலோ கார்டில் 'டோர் லாக்' என்று எழுதிவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். அந்த இரண்டு வார்த்தையை எழுதிவிட்டால் அதற்கு மேல் எந்த அதிகாரியும் ஒரு கேள்வி கேட்க மாட்டான்.

டீயை வைத்தேன். வழக்கமான விளையாட்டாக அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, படத்தின் சூட்டை மீட்டர் மாதிரி அளந்து சொன்னேன்: "இன்னைக்கு ரீடிங் எழுவத்தி ரெண்டு யூனிட். நேத்தைக்கு விட ரெண்டு கம்மி. என்ன பாப்பா, கரெண்ட்டை மிச்சம் பிடிக்கிறியா?"

"போடா அண்ணா, வேலை இல்லாத கிழவா" என்றாள் அவள்.

ரீச் அதை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டார். இரண்டு நாளில் நான் 'மீட்டர் மாமா' ஆகிவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆனாலும் சொல்கிறேன், சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. மருந்துக் கடையில் என்னோடு போட்டோ எடுக்க ஒன்பது பேர் நின்றார்கள். அதில் ஒருவருக்கு நூற்று மூன்று டிகிரி ஜுரம். தெருவில் போகிறவர்கள் தங்கள் குழந்தையைத் தூக்கிக் காட்டி, "மாமா, இவளுக்கு எத்தனை யூனிட்?" என்றார்கள். நான் மீசைக்கு மை அடித்தேன். கோடு போட்ட சட்டை நாலு வாங்கினேன். படத்துக்குப் படம் கையை விரித்து, புருவத்தை ஏற்றி, "தொண்ணூறு!", "நூத்திப் பத்து!" என்று ஏலம் போடுகிறவன் மாதிரி கத்தினேன். ஐயாயிரம் எப்போது தாண்டியது என்றே தெரியவில்லை. நாற்பதாயிரத்தில் ரீச் ஒரு கேக் வாங்கி வந்தார். கேக்கின் மேல் என் மீசை. பிறகு டீக்கோப்பை அடித்தார், போன் உறை அடித்தார். அவள் வரைந்த ஒரு அறைகூட அதில் இல்லை. என் மூஞ்சிதான் இருந்தது. அந்தக் கோப்பையில் நானே டீ குடித்தேன். நினைத்தால் இப்போதும் உதட்டைத் துடைத்துக்கொள்கிறேன்.

பாப்பா அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள் என்றால், கமெண்ட்டுக்குப் பதில் போட்டுக்கொண்டிருந்தாள். அது அவள் வேலை என்று ரீச் சொல்லிவிட்டார். காலையில் இரண்டு மணி நேரம், சாயந்திரம் இரண்டு மணி நேரம். "நன்றி. நன்றி. மாமா நல்லா இருக்கார். நன்றி." தூரிகை பிடித்துக் காய்ப்புக் காய்த்த விரலை விட்டுவிட்டு வலது கட்டை விரல் வீங்கியது.

"அண்ணா, இதுல ஒருத்தர்கூடப் படத்தைப் பத்திக் கேக்கலடா."

"கேப்பாங்க. முதல்ல வரட்டும்."

"உன் மீசை மை எந்தக் கம்பெனின்னு பதினாலு பேர் கேட்டிருக்காங்க."

"சொல்லிட்டியா?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எத்தனை யூனிட் என்று நான் சொல்லவில்லை.

ஆனாலும் அவள் வரைந்தாள். மிச்சமிருந்த நேரத்தில், அதிகாலையில், ஐந்தடிக்கு நாலடியாக ஒரு பெரிய படம். அது என்ன படம் என்று யாருக்கும் காட்டவில்லை. முடிந்ததும் ஒரு திங்கட்கிழமை அதைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டாள்.

இதுதான் அவள் முறை, முப்பத்தொரு வருஷமாக. படம் முடிந்தது என்று தோன்றியதும் இருபத்தொரு நாள் சுவரைப் பார்த்து நிற்கும். யாரும் பார்க்கக் கூடாது, அவளும்தான். அதற்குள் அவள் அதை மறக்கப் பார்ப்பாள். இருபத்தொன்றாம் நாள் காலையில் சட்டென்று திருப்புவாள்.

"மூணு செகண்ட்தான் அண்ணா கிடைக்கும்" என்று ஒருமுறை எனக்கு விளக்கினாள். "அதுக்குள்ள எது பொய்னு பளிச்சுனு தெரிஞ்சிடும். நாலாவது செகண்ட்ல படத்து மேல பாசம் வந்துடும். அப்புறம் எங்க கண்டுபிடிக்கிறது?"

அவளுக்கு முன்னால் வேறு யாராவது பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்த மூன்று செகண்ட் போயிற்று. படம் தெரியாது, அவர்கள் சொன்னதுதான் தெரியும். மாப்பிள்ளை இருந்த காலத்தில் ஒருமுறை ஆசையாக எட்டிப் பார்த்து "நல்லா இருக்கே" என்றுவிட்டார். அந்தப் படத்தைக் கத்தியால் சுரண்டி எடுத்தாள். மனிதர் இரண்டு நாள் சத்தமில்லாமல் சூப் குடித்தார்.

ஹால்காரம்மா அழைப்பிதழில் பெரிய படத்தைப் போட வேண்டும் என்றாள். வியாழக்கிழமைக்குள் வேண்டும் என்றாள். பாப்பா அதற்கடுத்த திங்கட்கிழமை என்றாள். எவ்வளவு குசுகுசுத்தும் திங்கட்கிழமை திங்கட்கிழமையாகவே இருந்தது.

நடுவில் ஒரு சனிக்கிழமை வந்தது. பாப்பாவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. அவள் கிளம்பிப் போன பத்தாவது நிமிஷம் ரீச் வந்தார். வாசலிலேயே காத்திருந்தாரோ என்னவோ.

"சார், ஒரே ஒரு ஷாட். நீங்க திருப்பறீங்க, பாக்கறீங்க, ரீடிங் சொல்றீங்க. மறுபடி அப்படியே வெச்சிடலாம். மேடம் திங்கக்கிழமை பாத்ததுக்கு அப்புறம்தான் போடுவேன். அம்மா மேல சத்தியம்."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"சார், நீங்க இல்லாம அந்தப் படத்தை யாரு சார் பாக்கப் போறாங்க? அவங்க வரையறாங்க, சரி. உயிர் குடுக்கறது நீங்க."

முப்பத்துநாலு வருஷம் மீட்டரைத் தவிர வேறெதையும் பார்க்காத கண் என்று பீற்றிக்கொள்கிறேனே, அந்தக் கண் அந்த இடத்தில் மண்ணாய்ப் போயிற்று. சட்டத்தின் நாலு மூலையும் இருக்கும் இடத்தைத் தரையில் பென்சிலால் குறித்துக்கொண்டேன். எப்பேர்ப்பட்ட பொறுப்பு பாருங்கள்! பிறகு இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினேன்.

என் அறை.

ஜன்னலோரம் என் நாற்காலி. நான் இடது பக்கம் சாய்ந்து உட்காருவேன், மெத்தையில் குழி இடது பக்கம்தான் இருந்தது. எட்டாக மடித்த பேப்பர், அதன் மேல் கண்ணாடி. கண்ணாடியில் ஒரு கால் சரியாக மடியாது, அதுவும் அப்படியே. டீ கால்வாசி மிச்சம். ஒரு செருப்பு நேராக, ஒன்று கவிழ்ந்து. பின்னால் சாம்பல் நிறத் திரை, யாரோ உரசிக்கொண்டு போனது மாதிரி லேசாக விலகி. நான் அதில் இல்லை. ஆனால் அப்போதுதான் எழுந்திருக்கிறேன். வாசல்வரைகூடப் போயிருக்க மாட்டேன். திரும்ப வருவேனா என்றுதான் அந்த நாற்காலிக்குத் தெரியவில்லை.

குனிந்து என் காலைப் பார்த்தேன், செருப்பு இருக்கிறதா என்று.

"சார், ரோலிங்" என்றார் ரீச்.

என் புருவம் தானாக ஏறியது. கை தானாக விரிந்தது. "ஐந்நூறு யூனிட்! வீடே ஃப்யூஸ் போயிடும்டோய்!" என்று கத்தினேன். நான்தான் கத்தினேன். வேறு யார் மேலும் பழி போட முடியாது. ஒரு கண்ணும் அடித்தேன்.

பிறகு பென்சில் குறியில் பிசகாமல் வைத்து, குறியையும் ரப்பரால் அழித்தேன்.

பல் டாக்டர் வீட்டு வெளியறையில், மரத்துப்போன வாயில் பஞ்சை வைத்துக் கடித்துக்கொண்டு பாப்பா உட்கார்ந்திருந்தபோது, ரிசப்ஷன் பெண் ஓடி வந்து போனை நீட்டியிருக்கிறாள்: "ஆன்ட்டி, இது உங்க படம்தானே? மாமா செம்ம!" சனிக்கிழமை சாயந்திரம் ரீச் அதிகமாம். அதனால் ரீச் அப்போதே போட்டுவிட்டார். பத்தொன்பது நாளாக அவள் மறக்கப் பார்த்த ஐந்தடிப் படத்தை அவள் முதலில் பார்த்தது தீப்பெட்டி அளவில், என் விரித்த கைக்குப் பின்னால். அதற்குக் கீழே ரீச் ஒரு வாக்கெடுப்பும் வைத்திருந்தார்: திரை என்ன கலரில் இருக்க வேண்டும்? ஆறாயிரம் பேர் ஓட்டுப் போட்டிருந்தார்கள். பச்சை ஜெயித்திருந்தது.

வீட்டுக்கு வந்தாள். கன்னம் பந்து மாதிரி இருந்தது. திட்டுவாள் என்று நான் நாற்காலியின் பின்னால் நின்றுகொண்டேன். வாயிலிருந்து பஞ்சை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"எத்தனை யூனிட் சொன்னே?" என்றாள், குழறிக் குழறி.

நான் குப்பைக் கூடையை எடுத்து நகர்த்தி வைத்தேன்.

"ஐந்நூறு" என்று அவளே சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

திங்கட்கிழமை அவள் படத்தைத் திருப்பவில்லை. "எதுக்கு? கண்ணை மூடினாலே பச்சைத் திரைதான் தெரியுது. அதுக்கு முன்னாடி நின்னு நீ குதிக்கிறே. அதுல ஏதோ ஒண்ணு தப்பு அண்ணா, வரையும்போதே தெரியும், எதுன்னுதான் தெரியல. இப்ப எப்படிக் கண்டுபிடிப்பேன்?" கோபம்கூட இல்லை குரலில். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஹாலுக்குப் போய், அந்த ஒரு படத்தை மட்டும் விட்டுவிடுங்கள், முடியவில்லை என்றாள். ஹால்காரம்மா பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மத்த பத்தொன்பதும் சரிதாம்மா. ஆனா ஜனம் வரது இதுக்கு. இது இல்லேன்னா நவம்பரை வேற ஒருத்தருக்குக் குடுத்துட வேண்டியதுதான்" என்று தாலாட்டுப் பாடுகிற குரலில் சொன்னாள். பத்தொன்பது படத்தையும் ஒரே அறையில் பார்க்கிற ஆசை பாப்பாவைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டாள். அந்தப் படத்தை மட்டும் தானே மூடிக் கட்டி அனுப்பினாள், கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு.

திறப்பு விழா அன்று சாயந்திரம் ஹாலில் எள் போட்டால் கீழே விழாது. அவ்வளவு பேருடைய முதுகும் படங்களின் பக்கம், முகம் போன் பக்கம். கேண்டீன் படத்துக்கு முன்னால் ஒருத்தர் தலை வாரிக்கொண்டிருந்தார், படத்துக்குப் போட்ட கண்ணாடி நல்ல கண்ணாடியாம். என் மூஞ்சி போட்ட கோப்பையில் பழரசம் ஊற்றிக் கொடுத்தார்கள். வாசனைத் திரவியமும் வியர்வையும் கலந்து ஒரு நாற்றம். மூலையில் பாப்பா, தன்னுடைய நல்ல நீலப் புடவையில். பெரிய படம் அவளுக்கு நேர் பின்னால் இருந்தது. ஒரு மணி நேரமாக அவள் திரும்பவே இல்லை என்பதைக் கவனித்தேன். யாராவது கூப்பிட்டால்கூட உடம்பு முழுவதையும் மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு போனாள். மிச்சம் இருப்பதையாவது கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று பார்க்கிறாள் என எனக்குப் புரிந்தபோது கையில் இருந்த கோப்பை கனத்தது.

அப்போது ஒரு பில்டர் வந்தார். புது ஆபீஸ் முன்னறைக்குப் படம் வேண்டுமாம். "இந்தப் பெரிசு ஓகே. ஆனா ஜனங்க சொன்ன மாதிரி கர்ட்டன் பச்சையா இருக்கணும். என் சோபா பச்சை."

ஹால்காரம்மா பாப்பாவின் காதுக்குள் போனாள்: "ஒத்துக்கோங்கம்மா. அவர் சுவர்ல தொங்கினா உங்க பேரு நின்னுடும்."

ரீச் குதித்தார். "மேடம், இங்கயே, இப்பவே, லைவ்ல பச்சை அடிங்க! ஆறாயிரம் பேர் கேட்டது! மாமா ஃபைனல் ரீடிங் சொல்லட்டும்!" பச்சை டியூபும் தூரிகையும் தயாராகப் பையில் வைத்திருந்தார். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார் மனுஷன்.

பாப்பாவின் கையில் டியூபைத் திணித்தார்கள். படத்தின் பக்கம் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினார்கள். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். எதிரே முன்னூறு போன். எல்லாம் என் பக்கம் திரும்பின.

"மாமா! எத்தனை யூனிட்? மாமா! மாமா!"

புருவம் ஏறப் பார்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் ஏறப் பார்த்தது. அதைக் கீழே இழுப்பது முப்பத்துநாலு வருஷ வேலையைவிடக் கஷ்டமாக இருந்தது.

"டோர் லாக்" என்றேன்.

"என்ன மாமா?"

"வீடு பூட்டியிருக்கு. ரீடிங் எடுக்க முடியாது. டோர் லாக்."

சிரித்தார்கள். அடுத்த ஜோக்குக்குக் காத்திருந்தார்கள். நான் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டுப் போய், படத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன். ஐந்தடிக்கு நாலடி, என் உயரத்துக்கு அது கப்பல். ஒரு பக்கம் சாய்ந்தது. கண்ணை மூடிக்கொண்டே பாப்பா கையை நீட்டி மறுமுனையைப் பிடித்தாள். டியூப் கீழே விழுந்தது. அதை யாரோ மிதித்து, ஹால் முழுக்கப் பச்சைக் காலடி.

"அம்மா... அம்மா... என்னம்மா இது" என்று ஹால்காரம்மா அப்போதும் குசுகுசுத்தாள்.

தெருவில் காற்று பலமாக இருந்தது. பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார்கள். மூன்று கிலோமீட்டர் நடந்தோம், முப்பது என்றுதான் என் முழங்கால் சொல்லும். முன்னால் அவள், பின்னால் நான், படத்தின் முகம் கடைகளின் பக்கம்.

"திரும்பிப் பாத்தே, தொலைச்சிடுவேன்" என்றாள் முன்னாலிருந்து.

"நான் ஏற்கனவே பாத்தாச்சே பாப்பா."

"அதனாலதான் சொல்றேன். இன்னொரு தரம் பாத்தா ஏதாவது உளறுவே."

செருப்புக்கடை, சாவி வெட்டுகிறவர், வங்கி. எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள், நான் அவர்களைப் பார்த்தேன். சாவி வெட்டுகிறவர் மட்டும் அரத்தால் ராவுகிற கையை நிறுத்திவிட்டு, நாங்கள் கடந்து போகிறவரை பார்த்தார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவும் இல்லை. அதைப் பாப்பாவிடம் சொல்லலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் ஹால்காரம்மாவின் போன். நாங்கள் படத்தைத் தூக்கிக்கொண்டு போன காட்சியை மூன்று லட்சம் பேர் பார்த்துவிட்டார்களாம். ரீச் அதற்கு 'ஹார்ட்ல இருந்து ஆர்ட்' என்று தலைப்பு வைத்திருந்தார். "சார், மத்த பத்தொன்பதும் பதினோரு நாளும் இருக்கட்டும். நீங்க மட்டும் தினமும் அஞ்சு மணிக்கு அந்தப் படத்தைக் கொண்டாந்து மாட்டிட்டு, ஆறு மணிக்கு அதே மாதிரி கழட்டிட்டுப் போங்க. ஜனம் அதுக்குத்தான் சார் காத்திருக்கு."

மூன்று லட்சம். ஒரே ஒரு நொடி உள்ளே ஏதோ துள்ளியது, சொல்லிவிடுகிறேன். ஈரத் தரையில் தவளையை மிதித்த மாதிரி இருந்தது. முடியாது என்று சொல்லிப் போனைக் கீழே வைத்துவிட்டு மீசையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன்.

பாப்பாவிடம் சொன்னேன். காறித் துப்புவாள் என்று நினைத்தேன். பல் பிடுங்கிய இடம் இழுக்க, ஒரு பக்கமாகச் சிரித்தாள். பிறகு அழுதாள், கொஞ்சமாக. வீடியோ பார்த்த ஜனம் வருகிறதே என்று ஹால்காரம்மா மற்றப் படங்களை இறக்கவில்லை; ஒருநாள் காலையில், கூட்டம் வருவதற்கு முன்னால், பாப்பா ஹாலுக்குப் போய் நடுவில் நின்று பத்தொன்பதையும் பார்த்துவிட்டு வந்தாள். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன்.

"என்ன பாப்பா?"

"நாலு தேறும்" என்றாள், அவ்வளவுதான். ஆனால் நடை வேகமாக இருந்தது.

பெரிய படம் பழைய இடத்தில் சுவரைப் பார்த்து நிற்கிறது.

"இந்த வாட்டி எத்தனை நாள்?"

"பச்சை போற வரைக்கும்."

"போயிடுமா?"

"தெரியல. நீ வாயை மூடிட்டு இருந்தா சீக்கிரம் போகும்."

இன்று காலை ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்னத் துணிச்சட்டத்தோடு வந்து எதிரே நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, நாற்காலியைப் பார்த்தாள்.

"அண்ணா, எந்திரிச்சு வெளியில போ."

"டீ இன்னும் குடிக்கல."

"இருக்கட்டும். மெத்தையைத் தட்டாதே. செருப்பையும் விட்டுடு."

வெறுங்காலோடு எழுந்து போய், கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றேன். எதிர்வீட்டுப் பெண் மாடியிலிருந்து கையசைத்து, "மாமா, உள்ள என்ன நடக்குது? எத்தனை யூனிட்?" என்றாள்.

மீட்டர் பெட்டி கதவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.